குப்பை வண்டி கிழமைக்கு ஒருமுறைதான் வருகிறது, வீட்டில் என்ன செய்யலாம்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்புக் கல்லடியில் 10 பேர்ச் காணி, வீட்டில் ஆறு பேர். குப்பை வண்டி கிழமைக்கு ஒருமுறை வருகிறது, மழைக்காலத்தில் அதுவும் சில வேளை தவறிவிடும். மூன்றாம் நாளே பை நாறுகிறது, இரவில் நாய் இழுத்து ஒழுங்கை முழுக்கப் பரப்பிவிடுகிறது. புதைக்க இடமில்லை. பக்கத்து வீட்டார் பின்னேரத்தில் எரிக்கிறார்கள், புகை உங்கள் வீட்டுக்குள் வருகிறது. குப்பையைக் குறைப்பதென்றால் எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். குப்பையோடு எனக்குப் பழக்கம் வந்ததே பசளை வழியாகத்தான். அதனால் இந்தப் பதில் குசினிப் பக்கமும் வளவுப் பக்கமும் கொஞ்சம் கூடவே நிற்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் தங்கச்சி.

நாறுவது, புழுப் பிடிப்பது, நாய் இழுப்பது எல்லாமே ஈரக் குப்பையால் வருகிற தொல்லை. பால்மா பக்கற்றுக்கு ஆசைப்பட்டு எந்த நாயும் பையைக் கிழிப்பதில்லை, அதோடு ஒட்டிக் கிடக்கிற மீன் குடலுக்குத்தான் வருகிறது. இலங்கையில் வீடுகளிலிருந்து போகிற குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியவை. தேங்காயும் மீனும் இல்லாமல் நம் பக்கத்தில் ஒரு நாள் சமையல் கிடையாது, ஆகவே உங்கள் பையின் நிறையில் பெரும்பகுதி அதுவாகத்தான் இருக்கும். அதை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டால் மிச்சம் காய்ந்த சாமான். அது நாறாது, பதினைந்து நாள் என்றாலும் ஒரு மூலையில் சத்தமில்லாமல் கிடக்கும். வண்டி ஒரு கிழமை வராவிட்டாலும் கவலையில்லை என்ற நிலைக்கு வீட்டைக் கொண்டுவாருங்கள். அதற்குப் பிறகு பிளாஸ்டிக்கைக் குறைப்பது தன்பாட்டில் நடக்கத் தொடங்கும், ஏனென்றால் எது எவ்வளவு சேர்கிறது என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

நாடு முழுவதற்கும் ஒரு நிற ஒழுங்கு இருக்கிறது: உக்குபவைக்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்டிக், பொலித்தீனுக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்கும் சிரட்டைக்கும் கபிலம். பள்ளிக்கூடத்துக்கும் கந்தோருக்கும் அது சரி. வீட்டுக்கு ஐந்து வாளி வாங்கி வரிசையாக அடுக்கி, கொஞ்ச நாளில் ஐந்திலும் எல்லாமும் கலந்து கிடப்பதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். இரண்டு போதும். ஈரத்துக்கு மூடியுள்ள சின்ன வாளி, பழைய பெயின்ற் வாளி என்றாலும் பரவாயில்லை. உள்ளே பொலித்தீன் பை போடாதீர்கள், அடியில் ஒரு பிடி உமியோ கிழித்த பேப்பரோ போட்டால் ஒட்டாது. காய்ந்ததுக்குக் கதவுக்குப் பின்னால் ஒரு உரப்பை. சமைக்கிற ஆளுக்கு அது இரண்டு எட்டுக்குள் இருக்க வேண்டும், தூரத்தில் வைத்தால் ஒருவரும் பிரிக்க மாட்டார்கள்.

சரி, ஈரத்தை வீட்டில் நிறுத்துவதென்றால் எங்கே? குழி வெட்டச் சொல்பவர்கள் நம் ஊர் நிலத்தைப் பார்க்காமல் சொல்கிறார்கள். கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி எல்லாம் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கிற மணல் நிலம். மாரி தொடங்கினால் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறுகிற இடங்கள் நிறைய. குழிக்குள் போட்ட கழிவு அந்தத் தண்ணீரில் ஊறி அழுகும், அழுகல் நீர் மணலுக்குள் இறங்கி உங்கள் கிணற்றுக்கோ அடுத்த வீட்டுக் கிணற்றுக்கோ போகும். 10 பேர்ச்சுக்குள் கிணறும் மலசலகூடக் குழியும் ஏற்கெனவே நெருக்கி நிற்கின்றன, மூன்றாவதாக இன்னொரு குழி வேண்டாம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மேட்டு நிலத்தில் அகலமான வளவு உள்ளவர்களுக்குக் குழி சரிவரும். கிழக்கே எழுவான்கரையில் இருக்கிற நமக்கு நிலத்துக்கு மேலே வைக்கிற பரல்தான் பொருத்தம்.

200 லீற்றர் பிளாஸ்டிக் பரல் இரண்டு தேடுங்கள். ஒன்று நிறைந்துகொண்டிருக்க மற்றது பழுத்துக்கொண்டிருக்கும், ஒரே பரலில் வைத்தால் அடியில் உக்கியதை எடுக்க மேலே கிடக்கிற பச்சையைக் கிளற வேண்டிவரும். முன்பு என்ன இரசாயனம் இருந்தது என்று விற்பவருக்கே தெரியாத பரலை விட்டுவிடுங்கள். பக்கவாட்டில் விரல் பருமனில் துளைகள், அடியிலும் துளைகள், நாலு கல்லை வைத்து நிலத்திலிருந்து உயர்த்தி, எலி புகாமல் அடியில் அரை அங்குலக் கம்பி வலை. கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, மர நிழலில். பரல் கிடைக்காதவர்கள் உரப்பையில் செய்கிறார்கள், செய்யலாம்தான். ஆனால் உரப்பை வெயிலில் கிடந்தால் நூல் நூலாக உதிர்ந்து மண்ணோடு கலக்கும், பிறகு அதைப் பொறுக்க ஏலாது.

உள்ளே போடுகிற முறைதான் முக்கியம். ஒரு பங்கு ஈரத்துக்கு இரண்டு பங்கு காய்ந்தது, கண் அளவில் போதும். உக்க வைக்கிற நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைதரசனுக்கு 25 முதல் 30 பங்கு வரை காபன் வேண்டும். மரக்கறித் தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை, மீன் கழிவு இவற்றில் நைதரசன் கூட. சருகு, வைக்கோல், கிழித்த காட்போட் மட்டை, மரத்தூள் இவற்றில் காபன் கூட. உமி நமக்குச் சுலபமாகக் கிடைக்கும், சம்மாந்துறைப் பக்கம் மில் உள்ள இடத்தால் வருகிறபோது ஒரு மூடை ஏற்றிக்கொண்டு வந்தால் பல மாதம் கிடக்கும். ஆனால் உமியில் சிலிக்கா கூட என்பதால் அது மெதுவாகத்தான் உக்கும். காற்று ஓடுவதற்கு உமி, உக்குவதற்குச் சருகு என்று இரண்டையும் கலந்து போடுங்கள். தொடங்கும்போது ஒரு வாளி பழைய மாட்டெருவோ, ஏற்கெனவே உக்கிய கூட்டெருவோ போட்டால் வேகமாகப் பிடிக்கும்.

ஈரம் சரியா என்று பார்க்க நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரல் இடுக்கில் ஒன்றிரண்டு துளி கசிந்தால் அளவு சரி. ஒழுகினால் சருகு போட்டுக் கிளற வேண்டும், உதிர்ந்து போனால் தண்ணீர் காணாது. எறும்பு குடியேறினால் பரல் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். நம் ஊரில் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இது நிச்சயம் நடக்கும், அரிசி கழுவின தண்ணீரைத் தெளித்துக்கொண்டு வாருங்கள். மாரியில் நேர்மாறு: மேலே ஒரு தகரத் துண்டைச் சரிவாகப் போட்டுக் கல் வைத்துவிட வேண்டும். மூக்கில் ஏறுகிற அமோனியா நெடி வந்தால் காய்ந்தது குறைவு. கூழ்முட்டை நாற்றம் வந்தால் காற்று போகவில்லை, கம்பால் அடிவரை குத்திக் கிளறுங்கள். கிழமைக்கு ஒருமுறை கிளறுகிற வீட்டில் இந்த இரண்டும் வருவது குறைவு.

தொடங்கிச் சில நாளில் திறந்தால் உள்ளே தட்டையான, வளையம் வளையமான, மண் நிறப் புழுக்கள் கும்பலாக நெளிந்துகொண்டிருக்கலாம். இந்த இடத்தில்தான் பாதிப் பேர் பயந்து கைவிடுகிறார்கள். அவை வீட்டு ஈயின் புழுக்கள் அல்ல. கறுப்புப் படைவீரர் ஈ என்று ஒரு இனம், குளவி போல ஒல்லியாக இருக்கும். வளர்ந்த ஈ நம் சோற்றில் வந்து மொய்ப்பதில்லை, முட்டையிட மட்டும் பரலைத் தேடும். அந்தப் புழுக்கள் கழிவைப் பரபரவென்று தின்று தீர்க்கின்றன. கோழி வளர்க்கிற வீடென்றால் ஒரு கரண்டி அள்ளி வெளியே வீசிப் பாருங்கள், அடுத்த நாள் கோழிகள் பரலடியில் காவல் நிற்கும்.

மீனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் கூட்டெரு முயற்சிகள் அழிவது மீனால்தான். கீரி மீன் வாங்கினால் தலையும் குடலும், இறால் என்றால் கோது, நண்டென்றால் ஓடு. முதல் மாதம் பரலுக்குள் இவை எதையும் போடாதீர்கள், உள்ளே சூடு பிடித்திருக்காது. நடுவில் கையை வைத்தால் வெதுவெதுப்பு நன்றாகத் தெரிகிற நிலை வந்த பிறகு, நடுவில் ஒரு முழம் ஆழத்துக்குப் பறித்து, அடியில் இரண்டு கை உமி, அதன்மேல் மீன் கழிவு, அதன்மேல் பழைய கூட்டெரு, கடைசியில் ஒரு சாண் கனத்துக்குச் சருகு. மேலே தெரிய விட்டால்தான் ஈயும் பூனையும் வரும். இப்படி மூடிய குடல் சில நாளிலேயே அடையாளம் தெரியாமல் போய்விடும், முள் மட்டும் கிடக்கும். இறால் கோதும் நண்டு ஓடும் உக்க நாள் எடுக்கும், அவற்றை வெயிலில் காய வைத்து இடித்துப் போட்டால் மிளகாய்ச் செடிக்கு நல்ல பசளை.

பரல் இன்னும் தயாராகாத நாட்களுக்கு ஒரு சுருக்கு வழி உண்டு. மீன் கழிவைப் பழைய யோகட் கப்பிலோ டப்பாவிலோ போட்டு மூடி, குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் தட்டில் வைத்துவிடுங்கள், வண்டி வருகிற காலையில் எடுத்துக் கொடுக்கலாம். அருவருப்பு என்று முகம் சுழிப்பவர்களுக்கு நான் சொல்வது, அதே மீன் நேற்று அதே தட்டில்தான் இருந்தது. மீன் கழுவின தண்ணீரைக் குசினித் தொட்டியில் ஊற்றாமல் தேசி, கறிவேப்பிலை, முருங்கை அடியில் மாறி மாறி ஊற்றுவது நம் வீடுகளில் புதிய விசயம் இல்லை. மீன் அமிலம் என்று இப்போது பலர் செய்கிறார்கள்: மீன் கழிவுக்குச் சம நிறை வெல்லம் கலந்து, மூடி மூன்று நாலு கிழமை வைத்து வடித்து, ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர் கணக்கில் தெளிப்பது. நல்ல சாமான்தான். ஆனால் வெல்லம் விற்கிற விலையில் அன்றாட மீன் கழிவுக்கு அது கட்டுப்படியாகாது, தோட்டம் வைத்திருப்பவருக்கு மட்டும் சொல்வேன்.

பரல் நிறைந்து மூன்று மாதமளவில் உள்ளே இருப்பது கறுத்து, உதிர்ந்து, மழை பெய்த மண்ணின் வாசம் அடிக்கும். அதை என்ன செய்வதென்று கேட்காதீர்கள், மணல் வளவில் அதுதான் தங்கம். மணல் தண்ணீரைப் பிடிக்காது, கூட்டெரு பிடிக்கும். கத்தரி, வெண்டி, பொன்னாங்காணி எது நட்டாலும் தண்ணீர் ஊற்றுகிற வேலை குறையும். 2021இல் இரசாயனப் பசளையை ஒரே அடியாக நிறுத்தியபோது, வீட்டுக் கூட்டெருவால் வயலே விளையும் என்பது போலச் சிலர் பேசினார்கள். வீட்டுப் பரலில் வருவது வயலுக்கு எந்த மூலைக்கும் காணாது. வீட்டுத் தோட்டத்துக்கு அது போதும், அந்த அளவில் நம்பினால் ஏமாற்றம் இல்லை.

தேங்காய்க்கு வருவோம். பொச்சுமட்டையைப் பரலுக்குள் போடாதீர்கள், உக்கக் காலம் எடுக்கும், இடத்தையும் அடைக்கும். தென்னை அடியில், மரத்திலிருந்து கொஞ்சம் தள்ளிச் சுற்றி நெருக்கி அடுக்கி மண் மூடினால் அது தண்ணீரைப் பிடித்து வைத்திருந்து வெயில் காலத்தில் மரத்துக்குக் கொடுக்கும். பால் பிழிந்த சக்கை கோழிக்கும் மாட்டுக்கும். சிரட்டைக்கு இந்த நாட்டில் நல்ல சந்தை இருக்கிறது, சிரட்டைக்கரியிலிருந்து செய்கிற செயற்படுத்திய காபன் ஏற்றுமதியில் இலங்கை உலக அளவில் பெயர் பெற்றது. ஆகவே சிரட்டை குப்பை அல்ல, மூடையாகச் சேர்த்தால் கேட்டு வருவார்கள். ஆனால் சேர்க்கும்போது கவிழ்த்து அடுக்க வேண்டும், அல்லது கூரைக்குக் கீழே வைக்க வேண்டும். நிமிர்ந்து கிடக்கிற ஒரு சிரட்டையில் தேங்குகிற மழைத்தண்ணீர் டெங்கு நுளம்புக்குப் போதும், முட்டையிலிருந்து பறக்கிற நுளம்பாக ஏறக்குறைய ஒரு கிழமையிலிருந்து பத்து நாள்தான். தண்ணீர் வற்றினாலும் முட்டை ஓரத்தில் ஒட்டியபடி மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். மட்டக்களப்பில் மாரி தொடங்கியதும் டெங்கு ஏறுவதற்கு யோகட் கப்பும் சிரட்டையும் பழைய ரயரும் பெரிய காரணம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து பார்க்கும் முன் நாமே ஒரு சுற்று வளவைப் பார்த்துக்கொள்வது நல்லது.

பக்கத்து வீட்டுப் புகை. திறந்த வெளியில் குப்பையும் பிளாஸ்டிக்கும் எரிப்பது 2017 செப்டம்பர் 1 முதல் சட்டப்படி தடை, அது பலருக்குத் தெரியாது. வீட்டு முற்றத்து நெருப்பு போதிய சூட்டுக்குப் போவதில்லை, பொலித்தீன் அரைகுறையாக எரிந்து கரிப்புகையாக வெளிவரும். குழாய்த் துண்டு, வயர் உறை போன்ற பி.வி.சி. சாமான் கலந்தால் ஐதரோ குளோரிக் அமில வாயுவும் டயொக்சின் என்ற நச்சும் சேரும். டயொக்சின் மண்ணிலும் சாம்பலிலும் தங்கும், அந்த இடத்தில் கொத்தித் தின்கிற கோழியின் முட்டை வரைக்கும் போகும். அந்தச் சாம்பலை முருங்கை அடியில் கொட்டுவதையும் பார்க்கிறேன். விறகுச் சாம்பல் வேறு, இது வேறு.

ஆனால் சட்டத்தைச் சொல்லி வேலியடியில் நின்றால் பகைதான் மிஞ்சும். பெரும்பாலும் அவர்கள் எரிப்பது மாஞ்சருகு, பலாச்சருகு, அதோடு இரண்டு மூன்று சொப்பிங் பை. உங்கள் பரலுக்கோ சருகு எந்நாளும் காணாது. "அக்கா, கூட்டின சருகை எனக்குத் தாங்க, பசளைக்கு வேணும்" என்று ஒரு சாக்கைக் கொடுத்துப் பாருங்கள். நெருப்பு வைக்கத் தேவையே இல்லாமல் போகும், மிச்சமுள்ள பொலித்தீனை மட்டும் எரிக்க ஒருவரும் மினக்கெட மாட்டார்கள். மாரிக்கு முதல் சேர்த்து உலர்வாக வைத்துக்கொள்ளுங்கள், ஐப்பசி பிறந்தால் சருகெல்லாம் நனைந்துவிடும்.

இனிப் பை போகிற இடத்தைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் வண்டி ஏற்றிய உடனே குப்பை தீர்ந்துவிட்டதாக நாங்கள் நினைக்கிறோம். மாநகர எல்லையில் உள்ள திருப்பெருந்துறைக் குப்பை மேடு 2017இல் தீப்பிடித்தபோது சுற்றியிருந்த மக்கள் புகையில் பட்ட பாடு உங்களுக்கும் நினைவிருக்கும். அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு அன்று கொழும்பில் மீதொட்டமுல்ல மேடு சரிந்து 30க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காட்டு மேட்டுக்கு யானை வருகிறது. 2022 ஜனவரியில் அங்கே இரண்டு யானைகள் இறந்து கிடந்தபோது, அதற்கு முந்திய எட்டு வருடங்களில் ஏறத்தாழ 20 யானைகள் அங்கே பிளாஸ்டிக்கைத் தின்று இறந்ததாகச் செய்தி வந்தது. வெட்டிப் பார்த்தபோது வயிற்றுக்குள் பொலித்தீனும் சாப்பாட்டுப் பொதி உறைகளும். யானைக்குப் பொலித்தீன் தின்ன ஆசையா? அதில் ஒட்டியிருந்த சோறும் மரக்கறியும்தான் அதை இழுத்தது. உங்கள் ஒழுங்கை நாய்க்கும் பள்ளக்காட்டு யானைக்கும் காரணம் ஒன்றே: ஈரமும் காய்ந்ததும் ஒரே பையில் கட்டப்பட்டது. சோறு ஒட்டாத பொலித்தீனை யானை திரும்பிப் பார்க்காது, பழைய பிளாஸ்டிக் வாங்குபவர் எடுப்பார்.

ஆகவே காய்ந்த உரப்பைக்குள் போகிற எதையும் ஒரு தரம் அலசிப் போடுங்கள், பாத்திரம் கழுவின கடைசித் தண்ணீர் போதும். தண்ணீர்ப் போத்தல், சோடாப் போத்தல் இவற்றின் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருக்கும். ஷம்பு, சலவைத்திரவப் போத்தல்களில் பெரும்பாலும் 2. இந்த இரண்டுக்கும் வாங்குபவர் உண்டு. பேப்பர், போத்தல், தகரம், பழைய இரும்பு எல்லாம் முன்பு போலவே தெருவில் கூவிக்கொண்டு வருபவரிடம் போகும். பால்மா, பிஸ்கட், நூடில்ஸ் பக்கற்றுகள்தான் சிக்கல். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒன்றோடொன்று ஒட்டிய தாள் அது, பிரித்தெடுக்க ஏலாது, ஒருவரும் வாங்கார். அதைக் குறைக்க ஒரே வழி பெரிய பக்கற்றாக வாங்குவது. 20 மில்லிலீற்றரோ அதற்குக் குறைவோ உள்ள சஷே பக்கற்றுகளை 2021இல் தடை செய்தார்கள், சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் மட்டும் விலக்கு. கடையில் இன்னும் என்ன தொங்குகிறது என்று நீங்களே பாருங்கள்.

வீட்டுக்குள் பிளாஸ்டிக் எந்த வழியால் வருகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் படலையால் வருகிறது. மீன்காரர் ஹோன் அடித்ததும் வெறுங்கையோடு ஓடுகிறோம், அவர் சொப்பிங் பையில் போட்டுத் தருகிறார், அந்தப் பை மீன் வெடுக்கோடு குப்பைக்குப் போகிறது. எங்கள் அம்மாமார் சட்டியோடுதான் போனார்கள். படலைக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்து மீனுக்கு ஒரு மூடியுள்ள டப்பா, பாண் ஓட்டோவுக்கு ஒரு துணிப்பை என்று தொங்கவிடுங்கள். பழைய சாரன் ஒன்றை வெட்டித் தைத்தால் நாலு பை வரும், மருதமுனைச் சாரன் என்றால் வருடக்கணக்கில் கிழியாது. மரக்கறிச் சந்தைக்குப் பனையோலை உமல் கிடைத்தால் விடாதீர்கள். 2025 நவம்பர் 1 முதல் கடைகள் சொப்பிங் பைக்குக் காசு எடுத்து பில்லிலும் காட்ட வேண்டும் என்று வந்தது. சின்னக் காசுதான், என்றாலும் துணிப்பையை மறக்காமல் எடுக்க வைக்கிறது.

தயிர் நமக்குப் பெருமையான சாமான், அதைச் சட்டியில் வாங்குங்கள். பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் அப்படியே நிற்கும். மண் சட்டி கொஞ்சத்தை உறிஞ்சும், தயிர் இறுகும். காலியான சட்டியில் ஓட்டை போட்டு மிளகாய்க் கன்று வைக்கலாம், கோழிக்குத் தண்ணீர் வைக்கலாம், உடைந்தால் அது மண்.

லஞ்ச் சீற் 2017இலேயே தடை. ஆனாலும் சாப்பாட்டுக் கடையில் கோப்பைக்கு மேலே ஒரு சீற்றை விரித்துத்தான் சோறு போடுகிறார்கள், கோப்பை கழுவுகிற சோம்பலுக்காக. "சீற் வேண்டாம், கோப்பையிலேயே போடுங்க" என்று சொல்லலாம், ஒருவரும் கோபிக்க மாட்டார்கள். உக்கும் என்று அச்சடித்த சீற்றையும் உங்கள் பரலுக்குள் போடாதீர்கள். அந்த வகைப் பிளாஸ்டிக் உக்குவதற்குப் பெரிய ஆலைகளில் வருகிற சூடு தேவை, வீட்டுப் பரலில் அது அப்படியே கிடக்கும். பார்சல் கட்டுவதென்றால் வாழையிலையை அடுப்பில் வாட்டிக் கட்டுங்கள், மணமும் சேரும். இடியப்பத் தட்டிலும் பிளாஸ்டிக்கை 2023 ஒக்டோபர் 1 முதல் விற்கத் தடை, பழையபடி பின்னல் தட்டுக்குத்தான் வர வேண்டும். ஆவி பிடிக்கிற இடத்தில் பிளாஸ்டிக் என்ன வேலை என்று எனக்கு எப்போதும் கேள்விதான்.

கலியாணம், கோயில் அன்னதானம், மரண வீடு என்று வந்தால் ஒரு வீட்டின் ஒரு வருடக் கட்டுப்பாடு ஒரு பின்னேரத்தில் போய்விடும். இந்த விசயத்தில் நான் முஸ்லிம் அயலவர்களின் சகன் சாப்பாட்டைப் பார்த்துப் பொறாமைப்படுவதுண்டு. ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஐந்தாறு பேர், பந்தி முடிந்ததும் கழுவ ஒரு தட்டு. ஒரு லஞ்ச் சீற்றும் இல்லை, ரெஜிபோம் பெட்டியும் இல்லை. நம் பக்கத்தில் வாழையிலைப் பந்தி அதற்கு ஈடு. இலையை மாட்டுக்குப் போடலாம். குடிக்கச் சின்னத் தண்ணீர்ப் போத்தல் கொடுக்கிற வழக்கம்தான் இப்போது பெரிய குப்பை. பாதி குடித்து வைத்த போத்தல் நூற்றுக்கணக்கில் கிடக்கும். வாடகைச் சாமான் கடையில் எவர்சில்வர் குவளையும் தண்ணீர்த் தாங்கியும் எடுத்துப் பாருங்கள், கழுவுகிற ஆளுக்குக் கொடுக்கிற கூலியோடும் செலவு பெரிதாகக் கூடாது.

மிஞ்சிய சோற்றைப் பற்றிக் கிழக்கு மாகாணத்து ஆளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பழஞ்சோறு, தயிர், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் போதும்.

கடைசியாக, எந்த வழியிலும் அடங்காதவை. பெம்பர்சும் நப்கினும் உக்காது, வாவிக்குள் எறிவதைவிடக் கேடு வேறில்லை. குழந்தைக்குப் பகலில் துணி, இரவுக்கும் பயணத்துக்கும் மட்டும் பெம்பர்ஸ் என்று வைத்தாலே பாதிக்கு மேல் குறையும். மலத்தைக் கக்கூசில் தட்டிவிட்டு, பேப்பரில் சுற்றித் தனிப் பையில் வண்டிக்குக் கொடுங்கள். சுருள் வடிவ மின்குமிழுக்குள் பாதரசம் உண்டு, உடைக்காமல் பழைய மட்டைப்பெட்டியிலேயே வைத்திருந்து, சபை மின்கழிவு சேர்க்கிற நாளில் கொடுக்க வேண்டும். பற்றரியும் அப்படித்தான். காலாவதியான மருந்தைக் கிணற்றடியிலோ கக்கூசிலோ கொட்டாதீர்கள். சவர பிளேட், ஊசி, உடைந்த கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு காலிப் பால்மாத் தகரத்துக்குள் போட்டு மூடியை ரேப் சுற்றி, வண்டிக்காரரிடம் கையில் கொடுத்து உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லிவிடுங்கள். அவர்களில் பலர் கையுறை இல்லாமல்தான் பையை அள்ளுகிறார்கள்.